இருட்டைக் காக்கத் தெரிந்தால்தான் ஒளியால் புரதத்தை ஆளலாம்

மிளகாய் நாற்றுத் தட்டை விறாந்தையில் சுவரோரமாக வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அத்தனை குருத்தும் முற்றத்துப் பக்கம் சாய்ந்து நிற்கும். தட்டைத் திருப்பி வைத்தால் அடுத்த நாளே மறுபக்கம் திரும்பத் தொடங்கும். 1880இல் சாள்ஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் புல் நாற்றுகளின் நுனியை மூடி வைத்துப் பார்த்து, ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி என்று காட்டினார்கள். இந்தச் சாய்வைத் தொடக்கி வைப்பது வெயிலில் உள்ள நீல ஒளி. அதை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்குப் போட்டோட்ரொபின் என்று பெயர். அந்தப் புரதத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு சிறு துண்டுதான் இன்று மனிதக் கலத்துக்குள்ளும் மதுவத்துக்குள்ளும் பற்றீரியாவுக்குள்ளும் ஒளிக்கு இயங்கும் ஆளியாக வேலை செய்கிறது.

அந்தத் துண்டின் பெயர் லொவ். ஆய்வுகூடங்களில் மிகுதியாகப் பயன்படுவது ஓட்ஸ் பயிரிலிருந்து எடுத்த லொவ்-2. அதன் நடுவில் எப்.எம்.என். என்ற மஞ்சள் நிற மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. விற்றமின் பி-2 இலிருந்து எல்லா உயிர்க்கலங்களும் தாமாகவே செய்துகொள்ளும் பொருள் அது. வெளியிலிருந்து எதையும் ஊட்ட வேண்டியதில்லை என்பது இந்த ஆளியின் பெரிய நன்மை. 450 நனோமீற்றர் அளவிலான நீல ஒளி பட்டதும், பக்கத்தில் உள்ள சிஸ்ரீன் அமினோ அமிலத்தின் கந்தக அணு அந்த மஞ்சள் மூலக்கூறுடன் பிணைப்பொன்றை உண்டாக்கும். அந்த இறுக்கத்தில், புரதத்தின் வால் பக்கத்தில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுருள் அவிழ்ந்து விலகும். ஒளியை நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பிணைப்புத் தானே அறுந்து சுருள் பழைய இடத்துக்கு வந்து ஒட்டும்.

இப்போது அந்தச் சுருளோடு வேறொரு புரதத்தை ஒட்டித் தைத்தால் என்ன நடக்கும்? இருட்டில் லொவ்-2 அந்தப் புரதத்தின் வேலை செய்யும் முகத்தை மூடிக்கொண்டிருக்கும். ஒளி பட்டால் மூடி திறக்கும். 2009இல் கிளவுஸ் ஹானின் ஆய்வுகூடம் இப்படித்தான் கல விளிம்பை நகர வைக்கும் ராக்-1 என்ற புரதத்தைக் கட்டுப்படுத்திக் காட்டியது. கலத்தின் ஒரு விளிம்பில் மட்டும் நீல ஒளிப் புள்ளியை விழுத்தினால், அந்த விளிம்பு மட்டும் புடைத்து நீண்டு, கலம் அந்தத் திசையில் ஊர்ந்து போனது. மருந்தொன்றை ஊற்றினால் தட்டில் உள்ள எல்லாக் கலங்களும் நனையும். கழுவி எடுக்க நேரமும் ஆகும். பரம்பரை அலகையே நீக்கினால், கலம் சில நாள்களுக்குள் வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்ளும். ஒரு கலத்தின் ஒரு மூலையில், ஒரு சில செக்கன்களுக்கு மட்டும் ஒரு புரதத்தை எழுப்பிவிட்டு மறுபடி உறங்க வைக்க ஒளியைப் போல இன்னொன்று இல்லை.

லொவ் தவிர வேறு ஆளிகளும் உண்டு. கேணித் தண்ணீரைப் பச்சையாக்கும் ஒருகலப் பாசிகளின் வகையைச் சேர்ந்த கிளமிடோமோனாசிலிருந்து சனல்ரொடொப்சின் வந்தது. ஒளி பட்டால் மென்சவ்வில் வாசல் திறந்து அயன்களை உள்ளே விடும் புரதம் அது. 2005இல் கார்ல் டெய்சரொத், எட் பொய்டன் முதலியோர் அதை நரம்புக் கலத்தில் வைத்து, ஒளியால் நரம்புத் துடிப்பை எழுப்பிக் காட்டிய பிறகு, ஒளியால் கலத்தை ஆளும் இந்தத் துறை வேகம் எடுத்தது. 2010இல் வெளியான கிரை-2, சிப்-1 சோடி இன்னொரு வகை: இருட்டில் தனித்தனியே மிதக்கும் இரண்டு புரதங்கள் நீல ஒளியில் கைகோக்கும். பைற்றோகுரோம் பி என்ற தாவரப் புரதம் 650 நனோமீற்றர் சிவப்பு ஒளியில் தன் சோடியைப் பிடித்து, 750 நனோமீற்றரில் விடும். எதைத் தேர்ந்தாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். அது ஒளியைக் கொடுப்பதில் இல்லை. ஒளி படக்கூடாத நேரமெல்லாம் ஒளி படாமல் காப்பதில் இருக்கிறது.

எவ்வளவு ஒளி, எவ்வளவு இருட்டு

பலர் ஒளியின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், அளவைப் பார்ப்பதில்லை. பற்றீரியாவில் லொவ் ஆளி ஒன்றைத் திறந்து வைக்க 470 நனோமீற்றர் ஒளி சதுர சென்ரிமீற்றருக்கு 100 மைக்ரோவாற்று போதும். அதாவது சதுர மீற்றருக்கு 1 வாற்று. யாழ்ப்பாணத்தின் நண்பகல் வெயில் மொத்தமாகச் சதுர மீற்றருக்கு ஆயிரம் வாற்று அளவில் இறங்குகிறது என்பதோடு ஒப்பிட்டால், இந்த ஆளி எவ்வளவு சிறு ஒளிக்கு விழித்துவிடும் என்பது விளங்கும்.

இன்னும் நெருங்கிய ஒப்பீடு கூரை விளக்கு. வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் உண்மையில் 450 நனோமீற்றர் நீல விளக்குகள்தான். மேலே பூசிய மஞ்சள் பொசுபர் அந்த நீலத்தின் ஒரு பங்கை மற்ற நிறங்களாக மாற்றுகிறது, மிச்சம் நீலமாகவே வெளியே வருகிறது. மேசையில் 400 லக்ஸ் வெளிச்சம் இருந்தால், அதில் நீலப் பகுதி மட்டும் சதுர சென்ரிமீற்றருக்கு 20, 30 மைக்ரோவாற்று அளவில் வரும் என்று கணக்குச் சொல்கிறது. கொடுக்க நினைக்கும் முழு அளவின் காற்பங்கு அது. கலங்கள் உள்ள குழாயை மேசையில் வைத்து, தாளில் குறிப்பெழுதி முடிப்பதற்குள், இருட்டில் இருக்க வேண்டிய குழாய் ஒளி பட்ட குழாயாகிவிடும். கைத்தொலைபேசித் திரையும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே நீல ஒளி ஆளிகளோடு வேலை செய்யும் அறையில் சிவப்பு எல்.ஈ.டி. மட்டும் எரிய வேண்டும், 630 நனோமீற்றருக்கு மேல். வெள்ளை விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் போதுமா? சோதித்துப் பார்க்கலாம். பழைய சீ.டீ. ஒன்றை எடுத்து, அதன் பளபளக்கும் பக்கத்தில் விளக்கின் விம்பம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். அதன் நுண்ணிய தடங்கள் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். சிவப்புப் பட்டை மட்டும் தெரிந்தால் நல்லது. பக்கத்தில் நீலமோ பச்சையோ மெல்லிய கீற்றாகத் தெரிந்தாலும் அந்த விளக்கு உதவாது. ஒரு சுற்றுக் கண்ணாடித்தாளில் பெரும்பாலும் கீற்றுத் தெரியும். அதனால் தாள் சுற்றுவதை விடச் சிவப்பு எல்.ஈ.டி. வாங்குவதே சரி.

ஒளியை அளக்கும் கருவி விலை கூடியது. பதிலாகத் தாவர ஆய்வுகூடங்களில் இருக்கும் ஒளித்தொகுப்பு ஒளிமானியைப் பயன்படுத்தலாம். 470 நனோமீற்றரில் சதுர மீற்றருக்கு 1 வாற்று என்பது அந்த மானியில் சதுர மீற்றருக்கு, செக்கனுக்கு ஏறத்தாழ 3.9 மைக்ரோமோல் என்று காட்டும். லக்ஸ் மானி மட்டும்தான் இருக்கிறது என்றால் அதே ஒளி 62 லக்ஸ் அளவில் வரவேண்டும். ஆனால் மலிவான லக்ஸ் மானிகள் தனி நீல நிறத்தில் நிறையப் பிழை காட்டும். அந்த எண்ணை மட்டுமட்டான வழிகாட்டியாக மட்டும் எடுங்கள்.

குறைந்த செலவில் ஒரு முழுப் பரிசோதனை

மனிதக் கலங்களை வளர்க்கக் காபனீரொட்சைட்டு அடைகாப்பி வேண்டும், ஒளிப்புள்ளியை நகர்த்தக் கொன்ஃபோகல் நுணுக்குக்காட்டி வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ கிளிநொச்சியிலோ ஓர் இளமாணி மாணவர் இந்த முறையின் முழு அடிப்படையையும் ஈ.கோலை பற்றீரியாவிலேயே கற்கலாம். அதற்கு ஏற்றது 2012இல் வெளியான பி-டோன் என்ற பிளாஸ்மிட்டு, அதாவது பற்றீரியாவுக்குள் பரம்பரை அலகுகளை ஏற்றிச்செல்லும் சிறு டி.என்.ஏ. வளையம். அதில் வைத்த பரம்பரை அலகு ஒளியில் இயங்குவதற்கும் இருட்டில் இயங்குவதற்கும் இடையே அதன் ஆக்கியோர் 460 மடங்கு வரை வேறுபாடு பெற்றிருக்கிறார்கள்.

அது இயங்கும் விதத்தை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முடிவுகளை வாசிக்க முடியாது. வை-எப்-1 என்ற லொவ் புரதம் இருட்டில் பிக்ஸ்-ஜே என்ற துணைப் புரதத்துக்குப் பொசுபேற்றுக் கூட்டம் ஏற்றும். அதனால் விழித்த பிக்ஸ்-ஜே ஓர் அடக்கிப் புரதத்தை உற்பத்தி செய்ய வைக்கும். அடக்கி இருக்கும்வரை நாம் வைத்த பரம்பரை அலகு மூடியே கிடக்கும். நீல ஒளி பட்டால் வை-எப்-1 பொசுபேற்றை ஏற்றுவதை விட்டு, இருப்பதையும் கழற்றும். அடக்கி உற்பத்தி நிற்கும், நம்முடைய பரம்பரை அலகு திறக்கும். ஆகவே ஒளி விழுந்த கணத்தில் எதுவும் தெரியாது. ஏற்கெனவே உள்ள அடக்கி தீர்ந்து, கலங்கள் பெருகி அது ஐதாகும் வரை பொறுக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் நிறம் வரவில்லை என்று பரிசோதனையைக் குப்பையில் போடுவது இங்கே மிக வழமையான தவறு. பி-டஸ்க் என்ற இரட்டைச் சகோதரி நேரெதிர்: இருட்டில் திறந்து ஒளியில் மூடும். குழாய்களின் பெயர்ச்சீட்டு மாறினால் முடிவும் தலைகீழாகும்.

நிறம் காட்டும் புரதமாக எம்-செரி போன்ற சிவப்புப் புரதத்தைப் பிளாஸ்மிட்டில் வையுங்கள். பச்சை ஒளிர்புரதத்தை வைத்தால் அதைப் பார்க்க நீல ஒளி வேண்டும், பார்க்கும் செயலே ஆளியைத் திறந்துவிடும்.

செய்முறை இப்படி. பிளாஸ்மிட்டு இல்லாத பற்றீரியாவை வளரவிடாத கானாமைசின் மருந்தை மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் கலந்த எல்.பி. என்ற வளர்ப்பூடகம் 5 மில்லிலீற்றரில், தட்டில் ஒரே கலத்திலிருந்து பெருகிய ஒரு தனிக் குடியிருப்பை இட்டு, குழாய்க்கு அலுமினியத் தாள் இரண்டு சுற்றுச் சுற்றி 37 பாகையில் இரவு முழுதும் குலுக்க வேண்டும். குடியிருப்பு வளர்ந்த தட்டும் தொடக்கத்திலிருந்தே தாளில் சுற்றி இருந்திருக்க வேண்டும். மறுநாள் சிவப்பு விளக்கின் கீழ் அதை நூறில் ஒன்றாக ஐதாக்கி மூன்று குழாய்களில் ஊற்றுங்கள். முதற்குழாய் நீல ஒளிக்கு. இரண்டாவது தாளில் சுற்றிய இருட்டுக் குழாய். அதையும் எரியும் நீல விளக்கின் பக்கத்திலேயே வையுங்கள், வெப்பம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும். மூன்றாவது குழாய்க்குச் சிவப்பு எல்.ஈ.டி. காட்டுங்கள். நிறமல்ல, வெளிச்சமும் சூடும்தான் மாற்றத்தைச் செய்தது என்று யாராவது சொன்னால் அதற்கு விடை அந்தக் குழாய். நிமிடத்துக்கு 180 முதல் 200 சுற்று வரை குலுக்கி, 6 மணித்தியாலத்தில் ஒரு மாதிரியும் 16 மணித்தியாலத்தில் இன்னொரு மாதிரியும் எடுங்கள்.

மையவிலக்கியில் சுழற்றிய பிறகு அடியில் படியும் உருண்டையை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். சரியாக நடந்திருந்தால் ஒளிக் குழாயின் உருண்டை இளஞ்சிவப்பு, இருட்டுக் குழாயினது வழமையான பழுப்பு வெள்ளை. அளவாகச் சொல்ல வேண்டுமென்றால் 587 நனோமீற்றரில் தூண்டி 610இல் ஒளிர்வை அளந்து, கலங்கள் எவ்வளவு என்று காட்டும் 600 நனோமீற்றர் ஒளி அடர்த்தியால் வகுக்க வேண்டும். வகுக்காமல் விட்டால் கூட வளர்ந்த குழாய்தான் எப்போதும் வெல்லும்.

விளக்குக் கட்டுவதில் ஏமாறக்கூடிய இடமொன்று இருக்கிறது. 5 வோல்ற்று மின்வழங்கி, 470 நனோமீற்றர் எல்.ஈ.டி.யின் வீழ்ச்சி 3.2 வோல்ற்று, 100 ஓம் தடை: 18 மில்லியம்பியர் பாயும். பாடப்புத்தகக் கணக்கு சரிதான். ஆனால் ஒடுங்கிய கற்றையுள்ள 5 மில்லிமீற்றர் எல்.ஈ.டி. 5 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், குழாயில் விழும் ஒளி தேவையை விடப் பத்துப் பதினைந்து மடங்கு கூடலாம். கலங்கள் மெதுவாக வளரும், சில சாகும், நிறமும் மங்கும். தடையை 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் குழாய் நிற்கும் இடத்திலேயே அளந்து பொருத்துங்கள்.

மின்வெட்டுக்குப் பயந்து பவர் பாங்க் மாட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பல பவர் பாங்குகள் ஓட்டம் ஏறத்தாழ 50 மில்லியம்பியருக்குக் கீழே போனால், மாட்டிய சாதனம் நிறைந்துவிட்டது என்று நினைத்து அரை நிமிடத்தில் அணைந்துவிடும். பத்து எல்.ஈ.டி. சேர்ந்தும் 10 மில்லியம்பியர்தான் என்றால் இரவு முழுதும் குழாய்கள் இருட்டில்தான் குலுங்கியிருக்கும். காலையில் நிறம் இல்லை, காரணமும் தெரியாது. 47 ஓம், 1 வாற்றுத் தடையொன்றைச் சமாந்தரமாக இணைத்தால் 100 மில்லியம்பியர் பாய்ந்து பாங்க் விழித்திருக்கும். அந்தத் தடை சுடும், அதைக் குழாய்களுக்குத் தூரத்தில் வையுங்கள்.

முடிவு பிழைத்தால் எங்கே தேடுவது? இருட்டுக் குழாயும் சிவந்திருந்தால் பிழை பெரும்பாலும் முந்தின இரவிலேயே நடந்திருக்கும்: தாளில் ஊசித்துளை, மூடிப் பக்கம் சுற்றாமல் விட்டது, அடைகாப்பியின் உள்விளக்கு. எல்லாக் குழாயும் வெளுத்திருந்தால் முதலில் மூடியைப் பாருங்கள். எம்-செரியின் நிறம் முதிர ஒட்சிசன் வேண்டும். இறுக்கி மூடிய குழாயில் புரதம் உண்டாகியும் நிறம் வராது. மூடியைத் தளர்த்தி, அதற்கு மேல் தாளால் தொப்பி போடுவதுதான் வழி. ஊடகம் ஆழமாக இருந்தாலும் சிக்கல்தான். எல்.பி.யின் மஞ்சள் நிறமே நீலத்தின் ஒரு பங்கை விழுங்கும், அடர்ந்த கலங்கள் ஒன்றுக்கொன்று நிழல் போடும். குலுக்குவது காற்றுக்காக மட்டுமல்ல, எல்லாக் கலங்களும் முறைவைத்து வெளிச்சத்துக்கு வரவும்தான்.

மரபு மாற்றிய பற்றீரியா என்பதால் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்பு அனுமதி பெறாமல் தொடங்கக்கூடாது. முடிந்ததும் எல்லாவற்றையும் 121 பாகையில் 20 நிமிடம் அழுத்த நீராவியில் அவித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பார்க்கும் ஒளியே பரிசோதனையைக் கெடுக்கும்போது

நுணுக்குக்காட்டியின் கீழ் போகும்போது இருட்டுப் பிரச்சினை இரட்டிப்பாகும். அக்வோரியா என்ற சொறிமீனிலிருந்து 1962இல் ஒசாமு ஷிமொமுரா பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதம், 1994இல் மார்ட்டின் சல்ஃபி அதை வேறு உயிர்களில் ஒளிர வைத்த பிறகு, கலத்துக்குள் புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் விளக்காயிற்று. இருவரும் ரொஜர் சியெனும் 2008இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் இப்போது வழமையாகப் பயன்படும் அதன் திருத்திய வடிவம் 488 நனோமீற்றரில் தூண்டப்படுகிறது. லொவ்-2உம் கிரை-2உம் அதே நிறத்துக்குத் திறக்கும். பச்சையில் கலத்தைத் தேடிக் கண்டுபிடித்த கணத்தில் பரிசோதனை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

கிரை-2 பரிசோதனை ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். சிவப்பு எம்-செரி ஒட்டிய கிரை-2 குழியவுரு முழுதும் பரவியிருக்கிறது. அதன் சோடி மென்சவ்வின் உட்பக்கத்தில் கட்டப்பட்டிருக்கிறது. முதலில் நுணுக்குக்காட்டியின் வெள்ளை விளக்குக்கு மேல் 600 நனோமீற்றருக்குக் கீழ் உள்ளதைத் தடுக்கும் வடிகட்டியை வைத்துக் கலத்தைக் குவியுங்கள். அந்த வெள்ளை விளக்கிலும் நீலம் உண்டு என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். 561 நனோமீற்றரில் இருட்டுநிலைப் படங்கள் சில எடுத்த பிறகே 488இல் 100 மில்லிசெக்கன் துடிப்பொன்றைக் கொடுங்கள். சில செக்கன்களில் கலத்தின் நடு மங்கி, விளிம்பு சிவப்புக் கோடாக எழும். ஒளியை நிறுத்தினால் ஏறத்தாழ 5, 6 நிமிடத்தில் பாதி மறுபடி நடுவுக்குத் திரும்பும். அடுத்த துடிப்புக்கு முன் அரை மணி நேரமாவது இருட்டு வேண்டும் என்பது இதிலிருந்தே வருகிறது.

வெளியான நேரக் கணக்குகளை அப்படியே எடுத்து நம்முடைய அறையில் எதிர்பார்க்கக்கூடாது. இருட்டில் மீளும் வேகம் வெப்பத்தோடு கூடும். 22 பாகையில் அளந்த எண்ணும் குளிரூட்டி நின்றுபோன 32 பாகை அறையில் அளக்கும் எண்ணும் ஒன்றாக இருக்காது. மாதிரியின் வெப்பநிலையை எழுதாத அளவீடு பாதி அளவீடுதான்.

ஒளியின் தீங்கு தனிப் பிரச்சினை. கல வளர்ப்பூடகத்தில் உள்ள றைபோபிளவின், நீல ஒளி பட்டால் ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாக்கும். கலம் சுருங்கியது ஆளி திறந்ததாலா, நஞ்சினாலா என்று பிரித்தறிய, ஒளிக்கு அசையாத மாற்றுருவோடு அதே பரிசோதனையை ஒரு முறை செய்யாமல் முடியாது. லொவ்-2இல் அந்தச் சிஸ்ரீனை மாற்றிய 450ஆம் இட மாற்றுரு, கிரை-2இல் 387ஆம் இட அஸ்பாற்றிக் அமிலத்தை அலனீனாக்கிய மாற்றுரு. இரண்டும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அவை இல்லாமல் வரும் முடிவை நம்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நீல ஆளிகளுக்கு ஓர் எல்லை உண்டு. இரவில் ரோச் லைற்றை உள்ளங்கையின் பின்னால் பிடித்தால் விரல்களுக்கிடையே சிவப்புத்தான் ஊடுருவி வரும், நீலம் தோலிலேயே நின்றுவிடும். உயிருள்ள இழையத்தில் ஆழமாகப் போகச் சிவப்பு, தூரச்சிவப்பு ஆளிகளே உதவும். பைற்றோகுரோம் பி அதற்கு ஏற்றது, ஆனால் அதற்கு வேண்டிய பைக்கோசயனோபிலின் என்ற நிறப்பொருள் விலங்குக் கலத்தில் இல்லை. ஸ்பைருலினாவிலிருந்து பிரித்தெடுத்து ஊடகத்தில் இடவேண்டும், அதுவும் இருட்டில். பற்றீரியாப் பைற்றோகுரோம்களுக்கு வேண்டிய பிலிவேர்டின் நம்முடைய கலங்களிலேயே ஹீம் என்ற இரும்புள்ள பொருள் உடையும்போது உண்டாகிறது. இவற்றுக்கு மாறும்போது அறையின் சிவப்பு விளக்கையும் கழற்றிவிட்டு மங்கலான பச்சை விளக்கை மாட்ட வேண்டும். நேற்றுவரை இருட்டைக் காத்த அதே சிவப்பு இங்கே குழாயைத் தொட்ட உடனே ஆளியைத் திறந்துவிடும்.